அப்பா திறந்துவிட்ட தண்ணீர்

எங்கள் ஊர் நிலப் பாதுகாப்புச் சங்கத்தின் பழைய தலைவர் வாக்குக் கொடுத்து ஏமாற்றியவர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் நானும் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருந்தோம். அம்மாவும் கைக்குழந்தையான தம்பியும் வன்னியில். கையில் இருந்த காசு இரண்டு பேர் விமானம் ஏறத்தான் போதுமாக இருந்தது. அகதியாக ஏற்றுக்கொண்டால் மற்றவர்களைக் கூப்பிடலாம் என்று சட்டம் சொன்னது. இங்குள்ள நீதி அமைச்சு தமிழரின் விண்ணப்பங்களைத் தொடாமலே வைத்திருந்தது. அது பிறகு நாடே அறிந்த கதை. அன்று எங்களுக்குத் தெரிந்தது பதில் வரவில்லை என்பது மட்டும்தான்.

தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஊருக்கு வெளியே முன்பு சதுப்பாக இருந்த நிலத்தில் யாரோ வாய்க்கால் வெட்டி, நீரை வடித்துப் புல்வெளியாக்கியிருந்தார்கள். அதை மறுபடி சதுப்பாக்கிப் பறவைகளைத் திரும்ப வரவைப்பது சங்கத்தின் திட்டம். இதை நான் முழுதாக அறிந்தது வளர்ந்த பிறகுதான். அன்று அவர் சொன்னது இரண்டே விஷயம். சனிக்கிழமைகளில் வந்து மண் வெட்டுங்கள். ஊர்க்கூட்டத்தில், பத்திரிகைக்காரர் முன்னால், உங்கள் குடும்பங்களுக்காக நான் எழுந்து பேசுவேன். அப்பாவுக்கு அதை மொழிபெயர்த்தது நான்தான்.

அப்பாவும் அவருடைய நண்பரான மன்னார் மாமாவும் போனார்கள். நானும் போவேன். முதலில் ஊசியிலை மரக்கன்றுகளைப் பிடுங்கச் சொன்னார்கள். அவை இந்த மண்ணுக்கு உரியவை அல்லவாம்.

"மச்சான், மரத்துக்கும் விசா குடுக்கிறாங்கள் இல்லைப் போல," என்றார் மாமா.

"பகிடி விடாமல் பிடுங்கடா. ஆரும் கேட்டால், போகச் சொல்லி எங்களுக்கும் காயிதம் அனுப்புவாங்கள்," என்றார் அப்பா.

பிறகு வாய்க்காலைப் பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள். எங்கே அடைப்பது என்று காட்டினார்களே தவிர, ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர் வந்தார். சேற்றுக் கையோடு அப்பா சிரிக்கிற படம் வெளிவந்தது.

ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் மழை. சனிக்கிழமை நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். புல்வெளி முழுக்கத் தண்ணீர்.

"ஐயோ, எல்லாம் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு! மண்வெட்டியை எடடா!" என்று அப்பா மாமாவிடம் கத்தினார்.

அப்பா வயல் செய்தவர். பயிர் மூழ்கினால் வரம்பை வெட்டிவிட வேண்டும், உடைமைக்காரன் வரும்வரை காத்திருக்கக் கூடாது. வயற்காரர் வழக்கம் அது. இருவரும் அடைப்பை வெட்டித் திறந்தார்கள். தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. பிறர் நிலத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் கரையில் நின்று தலைவருக்காகக் காத்திருந்தார்கள்.

அவர் வந்து பார்த்தார். முகம் சிவந்தது. தண்ணீர் நிற்பதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம் என்று கத்தினார். இந்த நிலத்தையே விளங்காதவர்களுக்காக நான் ஊர்க்கூட்டத்தில் எப்படி எழுந்து பேசுவது என்றும் கேட்டார். அதையும் நானே மொழிபெயர்த்தேன்.

அப்பா வாய்க்காலில் இறங்கினார். இடுப்பளவு குளிர்நீரில் நின்று, வெறுங்கையால் களிமண் அள்ளி அடைத்தார். ஏறி வந்தபோது உதடு நீலமாக இருந்தது.

"சொல்லு பிள்ளை, அடுத்த சனியும் வாறம் எண்டு."

அடுத்த சனி மட்டுமல்ல, அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனார். ஊர்க்கூட்டம் நடந்தது. தலைவர் எழுந்து பேசினார், கொக்குகளைப் பற்றி. எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகும் அப்பா போனார். அவருக்குச் சேறு பிடிக்கும் என்று நான் நினைத்தேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லிச் சிரித்தேன். அம்மாவும் தம்பியும் வருவதற்கு அவரால் கொடுக்க முடிந்த விலை அது ஒன்றுதான் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா பிந்தி வந்தார். தனியாக வந்தார். தம்பி ஷெல்லடியில் போய்விட்டான். தலைவர் பேசியிருந்தால் அவன் வந்திருப்பானா, தெரியாது. அவர் பேசவில்லை என்பது தெரியும்.

இப்போது அந்தச் சதுப்பில் கொக்குகள் நிற்கின்றன. சங்கம் விழா எடுக்கிறது. அழைப்பிதழில் அப்பாவின் அதே படம். எங்கள் தமிழ்ச் சங்கத்தைச் சாப்பிட ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய தலைவர்தான் முதன்மை விருந்தினர்.

நான் வருவேன், ரோல்ஸ் இல்லாமல். இதை டேனிஷிலும் எழுதி விழா நடத்துவோருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் மேடையில் ஏறி, எல்லோரும் கேட்க, பதில் சொல்லட்டும்: அன்று எங்களுக்காக ஏன் பேசவில்லை?