சக்களத்திகளுக்குச் சாவி

என் அக்காவுக்குச் சக்களத்திகள் உண்டு. எல்லாரும் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

அத்தான் சேர்த்து வைத்திருக்கும் பாக்கெட் கடிகாரங்களைத்தான் சொல்கிறேன். ஒரு காலத்தில் ரயில் கார்டுகளும் இன்ஜின் டிரைவர்களும் சங்கிலி கோத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தவை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பல்சக்கரத்துக்கும் கம்பி வடத்துக்கும் நடுவே கையை விடுகிற வேலையில் கைக்கடிகாரம் கட்டினால் கையே மிஞ்சாது. அதற்காகப் பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கினார். அத்தோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? கூடத்து அலமாரியில் கொக்கி அடித்து வரிசை வரிசையாகத் தொங்கவிட்டார். காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்துவிடுவார். வேறு யாரும் கிட்டே போகக்கூடாது. நான் ஒருமுறை தூசி தட்டப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"சின்னவளே, கையை எடு. அது உனக்கு ஆகாது."

எனக்கென்ன, ரோஷம் இல்லையா? ரொம்ப நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா தையல்காரி. மெஷின் ஓடும்போது கடிகாரச் சத்தம் கேட்காது. அது நின்றதும் அலமாரி பேசத் தொடங்கும். "ஒரு சக்களத்தின்னா சமாளிக்கலாம். இவரு ஒரு பட்டாளத்தையே கூட்டிட்டு வந்திருக்காரு" என்பாள், ஊசியில் நூல் கோத்தபடியே.

போன மழைக்காலத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. பக்கவாதம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. பயிற்சி சொல்லித் தருகிற பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, விரல்களை இப்போது வேலை வாங்காவிட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அக்கா பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

"ஊசி பிடிச்ச கைக்குப் பந்தா? நான் என்ன கைக்குழந்தையா?"

துணைக்கு வந்து தங்கியிருந்த நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். தையல் மெஷினை ஒரு பழைய போர்வையால் மூடச் சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அத்தான் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஒருநாள் வலது கட்டைவிரலில் பெரிய கட்டோடு வந்தார். லிஃப்ட் கதவில் நசுங்கிவிட்டதாம். மறுநாள் கடிகாரங்களுக்குச் சாவி இல்லை. ஒவ்வொன்றாக நின்றன. கடைசிக் கடிகாரமும் நின்றபோது வீடு வீடாகவே இல்லை.

"ஏங்க, என்னாச்சு உங்க பட்டாளத்துக்கு?" என்று கட்டிலில் இருந்தபடியே அக்கா கேட்டாள்.

"கை சரியில்லையே."

"இவகிட்ட குடுங்களேன்."

"இவளா? இவ முறுக்கினா ஸ்பிரிங் அறுந்துடும். தையல் விரலுக்குத்தான் அந்த அளவு தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தான் அதைக் கவனிக்காதவர் போல வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "ஒண்ணை எடுத்துட்டு வாங்க. இந்த அமைதியில தூக்கம் வரமாட்டேங்குது."

அத்தான் முதல்முதலாக வாங்கியதையே கொண்டுவந்தார். கனமான கடிகாரம் அது. நல்ல கைதான் தாங்க வேண்டும், சாவிக் குமிழை விழுந்துபோன கைதான் திருக வேண்டும். இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அக்கா வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குமிழுக்குக் கொண்டுபோனாள். விரல் வழுக்கிய வேகத்தில் கடிகாரம் தரையில் விழுந்து, கண்ணாடி விரிசல் விட்டது.

நான் அத்தானைப் பார்த்தேன். "கண்ணாடிதானே, மாத்திக்கலாம்" என்று குனிந்து எடுத்தார். பிறகு அவள் மடியில் ஒரு தலையணையை வைத்து, அடுத்த கடிகாரத்தைக் கொடுத்தார். தூசி தட்டப் போன என்னை விரட்டிய மனுஷன்தான் இவர். என் பழைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முதலில் பாதிச் சுற்றுக்கே அக்காவுக்கு வியர்த்தது. வாரங்கள் போகப் போக முழுச் சுற்று வந்தது. திருகும்போதே ஒவ்வொன்றையும் வைவாள். "இவ பிடிவாதக்காரி. இந்தா, இவ பரவாயில்ல, சொன்னா கேக்கறா."

இதற்கிடையில் ஒருநாள் அத்தானைச் சமையலறைக்குள் இழுத்தேன். "அத்தான், காயம் நடக்குமா?"

"என்னது?"

"நேத்து வரைக்கும் கட்டைவிரல்ல இருந்துச்சு. இன்னிக்கு ஆள்காட்டி விரலுக்கு வந்திருக்கு."

அவர் தன் கையைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவருக்குச் சோறு போதவில்லை. "அக்காகிட்ட சொல்லிடாதம்மா" என்றார். ஓட்டைவாய் என்று பெயரெடுத்த நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இப்போது கடிகாரங்கள் ஓடின. ஆனால் ஒவ்வொன்றும் நின்ற இடத்திலிருந்து ஓடியதால் ஒன்று சொன்ன நேரத்தை இன்னொன்று சொல்லவில்லை. நேரத்தைத் திருத்துவது பெரிய பாடு. ஓடுகிற ரயிலில் தவறிக் கை பட்டுக்கூட நேரம் மாறக்கூடாது என்பதற்காக, முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றி, ஓரத்தில் இருக்கும் மெல்லிய நெம்புகோலை நகத்தால் வெளியே இழுத்த பிறகுதான் முட்கள் நகரும்படி அவற்றைச் செய்திருந்தார்கள். நல்ல விரலே தடுமாறும்.

ஒரு விடுமுறை மத்தியானம், புதுக் கண்ணாடி போட்டு வந்திருந்த அந்த முதல் கடிகாரத்தை அக்கா கேட்டு வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள். நெம்புகோல் நகத்துக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் அது வந்தது. குமிழைத் திருகி முள்ளைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து, நெம்புகோலை உள்ளே தள்ளி, மூடினாள்.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

அத்தான் கையை நீட்டினார். அக்கா வலது கையாலேயே அந்தக் கட்டின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். வெகுநேரம் ஆனது. யாரும் உதவிக்குப் போகவில்லை. துணி கழன்றபோது உள்ளே விரல் தண்ணீரில் ஊறியது போல வெளுத்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?" என்றேன்.

"எனக்குக் கைதான் விழுந்துச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் தினமும் இவ்வளவு கஷ்டப்படறாரேன்னு பாவமா இருந்துச்சு."

அத்தானின் விரலை அவள் விடவில்லை.

"ஆறிடுச்சுங்க" என்றாள். "நாளையிலிருந்து நீங்களே சாவி குடுங்க. மெஷின் மேல இருக்கற போர்வையை எடுங்க, எனக்கு வேலை கிடக்கு."