ஹார்டு டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

ஹார்டு டிஸ்க்கின் கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் "டிங்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். அன்று அந்தச் சத்தம் வரவில்லை.

நான் தறி நெய்கிறவன். என் மனைவி பட்டுச்சேலைகளுக்குக் கரையும் முந்தியும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருகிறவள். பிள்ளையார்பாளையத்து வீட்டின் முன்னறையில்தான் அவளுக்கு வேலை. அந்த வாரம் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. பார்க்க வந்தவர், உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும் என்றார்.

"அழிச்சிடுங்கபா. எல்லாம் வெளிய தனியா ஒரு ஹார்டு டிஸ்க்குல இருக்குது" என்று அவளே தைரியமாகச் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைத்திருந்தாள். ஆறு வருட உழைப்பு. வேறு பிரதி கிடையாது.

அவர் போன பிறகு, அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து மாட்டினாள்.

"இன்னாங்க இது? லைட்டு எரியுது. ஆனா டிஸ்க்கையே காட்ட மாட்டேங்குது."

கேபிளைக் கம்ப்யூட்டரின் வேறு ஓட்டையில் மாட்டினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். இணைந்திருக்கும் டிஸ்க்குகளை எல்லாம் வரிசையாகக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்குறது ஒண்ணுதான் காட்டுது. நம்மள்து இல்ல." அவள் குரல் இற்றுப்போன இழை மாதிரி வந்தது.

 காரணம் எனக்குத் தெரியும்.

பூஜையன்று தறியில் ஓடும் நாடா, கத்தரிக்கோல், சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். சோறு போடுகிற பொருளை விட்டுவிடலாமா என்று அந்த டிஸ்க்குக்கும் வைத்தேன். வழவழப்பில் சந்தனம் ஒட்டவில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது; அதில் அழுத்தினேன், நன்றாகப் பிடித்தது. மறுநாள் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து வைத்துவிட்டேன்; இப்போது அவள் கேபிள் செருகியது அந்தப் பள்ளத்தில்தான்.

எப்படிச் சொல்வது? பூஜைச் சந்தனத்தால் கெட்டது என்று என் வாயால் சொல்வதா? காமாட்சி அம்மன் படத்தின் முன் போய் நின்றேன்.  சந்தனம் என்ன செய்தது? அழுத்தியது என் விரல்தானே.

"ஏம்மா, அதுல நான் பொட்டு வச்சேன்."

"எதுல?"

"டிஸ்க்குல. பூஜை அன்னிக்கு. அந்தக் கேபிள் ஓட்டையாண்ட."

"ஓட்டையாண்டயா, ஓட்டைக்குள்ளயா?"

"உள்ளதான்."

  அவள் தாளை விரித்து, பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டினாள். நான் செல்போன் வெளிச்சம் காட்டினேன்.

"கைய ஆட்டாதீங்க. உள்ள இருக்குற தகடு உடைஞ்சா அவ்ளோதான்."

மஞ்சளும் சிவப்புமாகத் தூள் உதிர்ந்தது. ஊதிவிட்டு மாட்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி சுரண்டினாள்.  தாயே, தாயே என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

"டிங்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு டிசைனைத் திறந்தாள். மாங்காய்க் கரை திரை முழுக்க விரிந்தது. உடனே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற ஆரம்பித்தாள். பச்சைக்கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. நடுவில் நின்றுவிட்டால்? நான் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தாளில் கிடந்த தூள் சாமிக்கு வைத்தது, குப்பையில் போட மனம் வரவில்லை. விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்: "அன்னிக்கே நெத்தியில வச்சிக்கினு இருக்கலாம் இல்ல?"