லூர்து அக்கா அடுக்கிய தட்டுகள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கு அவமானமானதையும் விடமாட்டேன்.

திங்கட்கிழமை இறைவணக்கத்தில், எங்கள் பள்ளிச் சத்துணவுக்கூடச் சமையலர் லூர்து அக்கா மாரடைப்பால் இறந்துவிட்டதாகத் தலைமையாசிரியர் அறிவித்தார். அன்று செய்தி வாசிக்கும் முறை என்னுடையது. வாசிக்காமலே வகுப்புக்குப் போனோம்.

பெருங்களத்தூரில் அடுக்குமாடி கட்ட ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் சேர்ந்தார்கள். நாங்கள் அவர்களைப் ‘பானிபூரி’ என்று கூப்பிட்டோம். கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர்கள் குழாயோரம் ஒதுங்கினார்கள்.

லூர்து அக்கா யாரையும் திட்டவில்லை. பாத்திரக்கடையில் ஒவ்வொரு தட்டிலும் ஒருவர் பெயரைப் பொறித்து வாங்கிவந்தார். மணி அடிக்கும் முன்பே தட்டுகளைத் தரையில் கலந்து அடுக்கிவிடுவார். அவரவர் பெயர் இருக்கும் இடத்தில்தான் உட்கார வேண்டும்.

“இன்னாக்கா, என்னைப் போயி பானிபூரி பக்கத்துல வெச்சிகீற?” என்றான் என் வகுப்பு தினேஷ்.

“நேத்து அவன் முட்டைய லவட்டித் துன்னியே, அப்போ ஒண்ணியும் தெர்லயா? குந்துடா.”

என் பக்கத்துத் தட்டு ஒடிசாவிலிருந்து வந்த ஜுனுவுடையது. ஒரு வாரம் தலைநிமிராமல் சாப்பிட்டாள். பிறகு என் தட்டின் விளிம்பில் விரல் வைத்து, “யா…ழி…னி” என்று படித்தாள். அவள் படித்த முதல் தமிழ்ச் சொல் என் பெயர்.

அடுத்த மாதம் என் தலையில் பேன். அம்மா, “அந்தப் புள்ளைங்க பக்கத்துல ஒக்காந்ததாலதான். அம்மாங்க எல்லாம் கையெழுத்துப் போடறோம், நீ அழகா ஒரு லெட்டர் எழுதிக் குடு” என்றார். எழுதினேன். ‘எங்கள் பிள்ளைகளின் சுகாதாரம் கருதி’ என்ற தொடர் அம்மா சொன்னதல்ல. நானே யோசித்துச் சேர்த்தேன். எழுதியபோது பெருமையாகவும் இருந்தது.

இனித் தனித்தனியே உட்காரவைக்கும்படி சொல்லி, தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்டினார். மறுநாள் எனக்குச் சாம்பார் ஊற்றும்போது அக்கா சொன்னார்: “எழுத்து முத்து முத்தா கீதும்மா. ஒரு தப்பு இல்ல.”

அவ்வளவுதான். அதன்பிறகு தட்டுகள் இரண்டு பக்கமாயின. பத்து நாளில் ஜுனு பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டாள். கட்டட வேலையிடத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார்கள். அக்கா இரண்டு முறை போய் அழைத்திருக்கிறார்.

“என் தட்ட எங்க வெச்சிகீறன்னு கேக்குதும்மா அது. இன்னா சொல்லுவேன் நானு?” என்று என்னிடமே கேட்டார். நான் கைகழுவப் போய்விட்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமைவரை ஜுனுவின் தட்டைக் கழுவி, குழாயோர வரிசையின் கடைசியில் வெறுமையாக வைத்துக்கொண்டிருந்தார்.

இன்று மாலை சத்துணவுக்கூடத்தில் இரங்கல் கூட்டம். ‘அனைவரையும் ஒன்றாகப் பார்த்தவர்’ என்று நானே எழுதிய இரங்கலுரையை வாசித்தேன். கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நன்றாக எழுதியிருப்பதாகத் தமிழ் டீச்சர் சொன்னார். ஒடிசாப் பிள்ளைகள் கூட்டத்திலும் குழாயோரமே நின்றார்கள். யாரும் அங்கே நிற்கச் சொல்லவில்லை.

எல்லோரும் போனபின் ஜுனுவின் தட்டையும் என் தட்டையும் தேடியெடுத்து, பழைய இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். நாளை வரும் புதுச் சமையலர் அவள் தட்டை எடுத்துவிடுவார். அவருக்கும் அதே உத்தரவுதான். ஜுனுவும் வரமாட்டாள். எனக்குத் தெரியும்.

போய் வாருங்கள், அக்கா. அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

“கெளம்புமா, பூட்டணும்” என்றார் காவலாளி. பிறகு விளக்குகளை அணைத்தார்.