சகனில் காலியாக இருந்த இடம்

இந்தச் சகன் அம்மா எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. ஈயம் பூசிப் பூசி விளிம்பு தேய்ந்துவிட்டது. பழசாகிவிட்டது, போட்டுவிடலாம் என்கிறாள் மருமகள். நானாவது போடுவதாவது!

அறுபதுகளில் திண்டுக்கல்லில் எனக்குக் கல்யாணம் நடந்தபோது அம்மாவுக்கு ரத்தப் புற்று. மண்ணீரல் வீங்கி இடப்பக்க வயிறு கல்லாகக் கிடந்தது. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காது. மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரையில் வீக்கம் வடியும், மறுபடி ஏறும். மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தும்விட்டாள். ஆனால் பெண்கள் பந்தியில் இந்தச் சகன் முன்னால் அவள் மட்டும்தான். "புத்து நோய்த்தா, ஒட்டிக்கிரும்" என்று பக்கத்துச் சகன்களில் ஐந்தாறு பேராக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், பாவிகள்! அம்மா தலையைத் தூக்கவில்லை. மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த என்னால் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார முடியவில்லை.

அப்போதுதான் என் மாமியார் வந்தார். அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு, "என்ன மதினி, எனக்காகவா காத்திருக்கீக?" என்று சோற்றில் கையை வைத்தார். யாரோ அவர் தோளைத் தொட்டுக் காதில் ஓதினார்கள். "எனக்கும் தெரியும்த்தா. ஒட்டுனா ஒட்டிட்டுப் போகட்டும். இவுக மகளைக் கூட்டிட்டுப் போறேன், இவுக கூட ஒருவாய் திங்க மாட்டேனா?" என்றார் சத்தமாக. அம்மா மென்று விழுங்கும்வரை அவரும் ஒவ்வொரு பருக்கையாக எடுத்துக்கொண்டிருந்தார், அத்தனை நன்றாகச் சாப்பிடுகிறவர்! பிறகு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், இன்னொருத்தியும் வந்தாள். அம்மா அன்று சிரித்தாள். அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை.

இப்போது எனக்கும் அதே நோய். ஏதோ ஒரு செல்லில் இரண்டு மரபணுத் துண்டுகள் இடம் மாறிச் சேர்ந்துகொண்டு, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் ஏவுகின்றனவாம். தினம் நான் விழுங்கும் மாத்திரை அந்த ஏவலைத் தடுத்துவிடுகிறதாம். நோய் அடங்கியிருக்கிறது. "அம்மாகிட்ட இருந்து வந்ததா?" என்று கேட்டேன். "இல்லம்மா. வழிவழியா வர்றதில்ல, ஒட்டவும் ஒட்டாது" என்றார் டாக்டர். அம்மாவுக்கு இந்த மாத்திரை கிடைக்கவில்லையே என்று அங்கேயே அழுதேன். அப்புறம் மாமியாரை நினைத்தேன். ஒட்டாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒட்டும் என்று நம்பிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

நேற்றுப் பெருநாள். மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும் என்பதால் மருமகள் அதைச் சகன் ஓரத்திலேயே வைத்திருந்தாள். என் பக்கத்தில் யார் உட்காருவது என்று பேத்திகளுக்குள் ஒரே சண்டை.