கூடத்தில் ஒரே ஃபேன்

அந்த லேப்டாப்பை விளையாட்டுக்கென்றே செய்திருந்தார்கள். கீபோர்டில் கலர் கலராக விளக்கு எரியும். மூடியின் மேல் ஏதோ ஒரு பறவை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பறவைக்கு ஏது பல் என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. அதை வாங்கியவளோ பிறந்ததிலிருந்து ஒரு கேம் ஆடியதில்லை. அவள் வேலை அடுப்படி வரைவது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கும் கடை ஒன்று ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. மரம் அறுப்பதற்கு முன்பே அந்த அடுப்படி எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் உள்ளே நடந்து போவது போலப் பார்க்கலாம், இழுப்பறையை இழுத்துப் பார்க்கலாம், பிடிக்காத கலரை அங்கேயே மாற்றச் சொல்லலாம். கடையில் அவளுக்குப் பெயர் கிச்சன் மேடம். சாதாரண லேப்டாப் அந்தப் படத்தையெல்லாம் தூக்காது, கேமிங் லேப்டாப்தான் வேண்டும், பேயாக ஓடும் என்று கணவனின் சித்தப்பா பையன் அடித்துச் சொன்னான். ஓடத்தான் செய்தது. ஆனால் அரைமணி ஓடினால் போதும், மேலே முட்டையை உடைத்து ஊற்றலாம் போலக் கொதிக்கும். அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாமல் பொசுக்கென்று அணைந்துவிடும். அதுவரை வரைந்ததில் பாதி போயே போய்விடும்.

அதைக் குளிர வைக்க அவள் படாத பாடில்லை. நான்கு மூலைக்கும் பாட்டில் மூடி வைத்துத் தூக்கி நிறுத்தினாள். ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். அது வியர்த்து மேசையெல்லாம் ஈரமாகி, வேறு வினை வேண்டாம் என்று எடுத்துவிட்டாள். ஏசி போடலாமென்றால் இந்த வயரிங் தாங்காது என்று வீட்டு ஓனர் கையை விரித்துவிட்டார். கணவன் குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்ட். "எங்க குடோனுக்கு எடுத்துட்டு வா, ஐஸ் மீன் பக்கத்துல உட்காந்து வரையலாம்" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பகல் முழுக்க அவன் படுக்கையறையில் தூங்குவான், அங்கே போய் வரைய முடியாது. மிஞ்சுவது கூடம்தான். கூடத்தில் இருப்பது ஒரே ஃபேன்.

அந்த ஃபேனுக்கு அடியில்தான் மாமனாரின் கட்டிலும் இருந்தது.

போன வருஷம் காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து மனிதருக்குக் குளிர் தாங்குவதில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே இவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு படுத்திருப்பார். ஃபேன் ஓடினால் எலும்புக்குள் குத்துகிறது என்பார். அவள் ஃபேனைப் போட்டுவிட்டுப் பாத்ரூம் போய் வருவதற்குள் அணைந்திருக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் சாத்தியிருக்கும். கேட்டால், நான் எங்கம்மா எழுந்தேன் என்பார். பச்சைப் பொய். எழுந்து நடக்கும்போது செருப்பு சரக் சரக்கென்று கேட்கும், அது அவர் காதுக்குத்தான் எட்டுவதில்லை.

இத்தனைக்கும் இருவருக்கும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தவர், தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரை ஒரு மாதம் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தார்கள். நாத்தனார் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தபோது மனிதர் பாதியாக இளைத்திருந்தார். அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அங்க மட்டும் திருப்பி அனுப்பிடாதம்மா." அதற்குப் பிறகுதான் அவள் முதலாளியிடம் மன்றாடி, வீட்டிலிருந்தே வரைய அனுமதி வாங்கினாள். கடையில் போய் வரையலாம்தான். ஆனால் கணவன் தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டான், அவன் வீட்டில் இருப்பதும் ஒன்று இல்லாததும் ஒன்று. அப்படிப் போனால் இவரைப் பூட்டி வைப்பது இவள் வேலையாகிவிடும், இல்லையென்றால் மறுபடியும் மூன்றாவது மாடி.

அந்த அனுமதிக்குத்தான் லேப்டாப் உலை வைத்தது. கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருமுறை திரை இருண்டுவிட்டது. முதலாளி பொறுமைசாலி, ஆனாலும் கடை நடத்துகிறவர். வெள்ளிக்கிழமை ஒரு டாக்டர் தம்பதிக்குக் காட்ட வேண்டும், பெரிய வேலை, அதிலும் அணைந்தால் திங்கள் முதல் கடைக்கு வந்துவிடுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டார். கூடத்தில் ஸ்பீக்கரில்தான் பேசினார். போர்வைக்குள்ளிருந்த மாமனாருக்கும் அது கேட்டது.

மறுநாள் ரிப்பேர்க்காரர் வீட்டுக்கே வந்து லேப்டாப்பைக் கழற்றினார். உள்ளே சின்ன விசிறியில் பஞ்சுப் பொதி போலத் தூசி. எல்லாவற்றுக்கும் இந்தத் தூசிதான் காரணம், தூசி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் உழைக்கும் என்றார். ஏதோ பசையைத் தடவி மூடினார். அடியில் வைக்க ஒரு கூலிங் பேடும் கொடுத்தார். பலகை மாதிரி இருக்கும், அதற்குள் விசிறிகள், கீழிருந்து காற்றை இழுத்து மேலே ஊதும். மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அந்தத் தூசிப் பொதியைக் கையில் வாங்கிப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாகப் பல கேள்வி கேட்டார்.

இங்கே மாமனாரின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். வண்டிகளுக்கு சீட் கவர் தைத்தவர். உறை இல்லாத பொருளைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்த வீட்டில் மிக்சிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, மடக்கு ஏணியின் நான்கு காலுக்கும் தனித்தனியாகக் கால்சட்டை. புதுப்பெண்ணாக வந்த நாளில் இதையெல்லாம் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். நம்மையும் ஒருநாள் அளவெடுத்துவிடுவார் என்று கணவனிடம் சொன்னாளாம்.

கூலிங் பேட் வந்த முதல் நாள், ரிப்பேர்க்காரருக்காகப் போட்ட ஃபேனும் சேர்ந்து ஓடியதில், லேப்டாப் ஒழுங்காக ஓடியது. இரண்டாம் நாளிலிருந்து பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சொல்லப்போனால் முன்பைவிட மோசம். விசிறிகள் ஓடும் சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் வருவதில்லை. அவள் ரிப்பேர்க்காரரைத் திட்டினாள், பேடைத் திட்டினாள், சித்தப்பா பையனைப் போனில் பிடித்துத் திட்டினாள். அவன் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, டாக்டர் வீட்டு அடுப்படியைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது சிங்க் வரைக்கும்கூடப் போகவில்லை, அணைந்துவிட்டது. என்னதான் கேடு உனக்கு என்று லேப்டாப்பை நகர்த்திவிட்டு, பேடைத் தூக்கிப் புரட்டினாள்.

அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி. ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, சுருக்கம் ஒன்றில்லாமல், தையல் நூல் பிடித்தது போல நேராக. பேடின் கறுப்போடு கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று நுழைய வேண்டிய அத்தனை ஓட்டையையும் கச்சிதமாக மூடியிருந்தது.

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பெருமை. "தூசி உள்ள போகக் கூடாதுன்னு அந்த ரிப்பேர்க்காரர் சொன்னாரில்லம்மா. நீ காய்கறி வாங்கப் போனப்ப தச்சேன். கண்ணு சரியா தெரியல, ரெண்டு தடவ பிரிச்சுப் போட்டேன்."

அந்த நேரத்தில் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யார்தான் இருப்பார்கள்?

"உங்களுக்குக் கையை வச்சுக்கிட்டு சும்மாவே இருக்க முடியாதா மாமா? ஃபேனைப் போட்டா அணைக்கிறீங்க, ஜன்னலத் திறந்தா மூடுறீங்க, இப்ப இது. உங்கள வச்சுக்கிட்டு நான் வேலையும் பாக்க முடியாது, ஒண்ணும் பாக்க முடியாது. பேசாம அண்ணி வீட்டுக்கே போயிடுங்க."

உறையைப் பிய்த்துக் கீழே எறிந்தாள். எலாஸ்டிக் பட்டென்று அறுந்தது. அவர் மெதுவாக எழுந்து போய் ஃபேனைப் போட்டார். ரெகுலேட்டரைக் கடைசிவரை திருகினார். ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்துவிட்டார். போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல லேப்டாப்பை எடுத்து வைத்தாள், நேரமாகியிருந்தது.

டாக்டரம்மா லேசுப்பட்டவள் இல்லை. ஒவ்வொரு கதவையும் திறக்கச் சொன்னாள், கலரை மாற்றச் சொன்னாள், பிறகு முதலில் இருந்ததே நன்றாக இருந்தது என்றாள். லேப்டாப் மூச்சு முட்டாமல் எல்லாவற்றையும் காட்டியது. முடிந்ததும் முதலாளியே கூப்பிட்டார். "பிரமாதம் மேடம். நீங்க வீட்லயே இருந்து பண்ணுங்க. இனிமே அதைப் பத்திப் பேச்சே கிடையாது."

அவள் அடுப்படிக்கு ஓடினாள். ஜெயிச்சாச்சு மாமா, எங்கேயும் போக வேண்டாம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது, அது நடிப்பில்லை. நல்லதும்மா, நல்லதும்மா என்று இருமுறை சொன்னார். பிறகு மகளுக்குப் போன் செய்துவிட்டதாகவும், சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறேன் என்று அவள் சொன்னதாகவும் சொன்னார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபத்தில் சொன்னது, மனசில் இருந்து சொல்லவில்லை, தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றாள். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, அதனால் வார்த்தைகள் குழறின.

"நீ சொன்னதுக்காக இல்லம்மா" என்றார். "ஃபேன் ஓடுனா என்னால முடியல. ஓடலன்னா உன் மெஷினால முடியல. அது ஓடுனாத்தான் வீட்ல அடுப்பு எரியும். நான் சும்மா படுத்துக் கெடக்கறவன்தானே, எங்க கெடந்தா என்ன?"

அவள் கணவனை எழுப்பிச் சண்டை போட்டாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பத்து நாள் இருந்துவிட்டு வரட்டுமே, அவரே கேட்கும்போது என்ன என்றான். அவனைப் பெற்றவர் என்ற நினைப்பே இல்லையா என்று கேட்டாள். அதற்குள் நாத்தனார் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று நாத்தனாருக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பேத்திகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறதாம். மருமகள் அவருடைய துணிப்பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் புது வேலை வந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது, ஜன்னல் கதவு இரண்டும் திறந்தே கிடந்தன, யாரும் சாத்தவில்லை. லேப்டாப் ஒருமுறைகூட அணையவில்லை. மத்தியானம் பொறுக்க முடியாமல் போன் செய்தாள். அவர்தான் எடுத்தார். சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. எல்லோரும் வெளியே போயிருந்தார்கள்.

"மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடுது மாமா."

"அணையலயே?"

"இல்ல மாமா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

அவள் லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. அதைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வீச வேண்டும் போல அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.