நண்டின் மேல் ஒரு கோடு

அக்காவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒரு பழைய கலண்டர் தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முன்பக்கத்தில் அம்மன் படம், நிறம் மங்கிவிட்டது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு பட்டியல். கையெழுத்து என்னுடையது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக, வரிக்கு வரி சாய்ந்து போகும். கத்தரிக்காய், நண்டு என்று தொடங்கி, இரண்டு நிரல்களாக இறங்கி, இடம் போதாமல் ஓரங்களில் ஏறி, மொத்தம் நாற்பத்து மூன்று சாப்பாட்டுச் சாமான்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. அந்தக் கோடுகள் என்னுடையவை அல்ல, அத்தானுடையவை. நண்டு என்ற சொல்லின் மேல் கோட்டோடு சேர்த்து ஒரு பெருவிரல் அளவில் மஞ்சள் கறையும் உண்டு.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எண்பதுகளின் நடுவில், நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் ஓடிய ஒரு மோட்டார் வள்ளத்தில் அவர் சுக்கான் பிடித்தார்; நான் எஞ்சின் பார்த்தேன். எஞ்சின் சத்தத்துக்குள் இருந்துவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை, அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அத்தான் எனக்கு நேர்மாறு. ஏறுகிறவர்களையெல்லாம் முறை சொல்லிக் கூப்பிடுவார். காற்று கரையிலிருந்து வீசினால், இறங்குதுறை வருவதற்கு முன்பே மூக்கை உயர்த்தி, எந்த வீட்டில் என்ன கறி கொதிக்கிறது என்று சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். சாப்பிடும்போது பேசமாட்டார், அந்த ஒரு நேரம்தான் பேசமாட்டார். சோற்றைக் குழைத்து, மீன் முள்ளை விரல் நுனியால் உருவி, கடைசியில் சோற்றுக் கோப்பையைச் சாய்த்துக் குழம்பை வழித்து எடுப்பார். பக்கத்தில் இருப்பவனுக்கும் இன்னொரு கரண்டி சோறு கேட்கத் தோன்றும்.

ஒரு மார்கழியில் அந்த விரல்கள் வீங்கின. முதலில் காலையில் மட்டும். பிறகு நாள் முழுவதும். கலியாண மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. விடியப்புறம் அக்கா சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க, அதற்குள் இரண்டு கைகளையும் அரைமணி நேரம் வைத்திருந்த பிறகுதான் சட்டைப் பொத்தானையே பூட்ட முடியும். யாழ்ப்பாணத்தில் டொக்டர் பார்த்துவிட்டு, மூட்டுகளுக்குள் அழற்சி என்றும், இது வந்துவிட்டுப் போகிற காய்ச்சல் அல்ல, கூடவே இருக்கப்போகிற வருத்தம் என்றும் சொன்னார். குளிசைகள் தந்தார். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். திரும்பும் வழியில் இறுப்பிட்டியில் இறங்கி, நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் பூசுவதற்கு எண்ணெயும் வாங்கினோம். அவர் எண்ணெயோடு ஒரு விலக்கும் சொன்னார்: கத்தரிக்காயும் நண்டும் வேண்டாம். மறக்காமலிருக்க எழுதி வைக்கும்படி அக்கா என்னிடம் சொன்னா. கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து இரண்டு சொற்களை எழுதிக் குசினிக் கதவில் குத்தினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு வருத்தம் என்றால் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர் கிடையாது. ஆளுக்கொரு விலக்குச் சொல்லாமல் போனால் அக்கறையில்லாதவர் என்று பெயர். அத்தானோ நாளும் பொழுதும் வள்ளம் நிறையச் சனத்தோடு கடலுக்குள் நிற்பவர். வேலணையிலிருந்து வந்த ஒரு அம்மா, “உழுந்து சரியான வாய்வு. எழுதும் தம்பி” என்றா. மீன் கூடையோடு ஏறிய ஒருவர், “கணவாய், இறால், சூரை மூண்டும் கிரந்தி. உடம்பைக் கிளப்பி விட்டிடும்” என்றார். தயிர் குளிர் என்று ஒருவர். முட்டை சூடு என்று இன்னொருவர். பூசணிக்காய்க்கு வள்ளத்துக்குள் ஒரு சண்டையே நடந்தது. கடைசியில், எதற்கும் விட்டுவிடுவது நல்லது என்று முடிவாகி, அதுவும் தாளில் ஏறியது. நான் மறுத்துப் பேசத் தெரியாதவன். முகத்துக்கு நேரே ஒருவர் “எழுதும்” என்றால், எழுதிவிட்டால்தான் அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்துவார். வீட்டுக்கு வந்து பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுவேன். என் எழுத்தை ஊர் இவ்வளவு மதிக்கிறதே என்று உள்ளுக்குள் சின்னப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

பங்குனிக்குள் அத்தானுக்கு மிஞ்சியது குரக்கன் கஞ்சியும் அவித்த புடலங்காயும்தான். கஞ்சியின் மேல் குளிசை போட்டால் வயிறு எரிந்தது, குளிசையை விட்டார். சாரம் இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றுக்குள் செருகிக்கொண்டு வந்தார். மூக்கை உயர்த்திக் கறி சொல்லுவதும் நின்றுபோயிற்று. ஒரு நாள் நடுக்கடலில் பக்கத்திலிருந்து ஒரு அலை அடிக்க, சுக்கான் தடி அவர் கையை விட்டு நழுவியது. வள்ளம் குறுக்கே திரும்பிற்று. சனம் கத்தியது. நான் ஓடிவந்து அவர் கைக்கு மேல் கை வைத்துப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் கதை வள்ளத்து முதலாளியிடம் போய்விட்டது. அவர் நல்ல மனிதர், வீட்டுக்கே வந்தார்.

“அம்மன்ரை ஆனித் திருவிழாவுக்குச் சனம் குமியும். அதுக்கு முன்னம் கை சரிவந்தா சுக்கான் உம்மடை. இல்லாட்டி நான் வேறை ஆள் பாக்கவேணும். குறை நினையாதையும்.”

“நினைக்கேல்லை முதலாளி” என்றார் அத்தான். அன்று கஞ்சியும் குடிக்கவில்லை.

வைகாசியில் அக்காவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அம்மா வந்து குசினியைக் கைப்பற்றிக்கொண்டா. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் முப்பத்தொரு நாளும் சரக்குக் கறிதான். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாவற்றையும் அம்மியில் மை போல அரைத்து, பிடித்தவுடன் கொண்டுவந்த விளைமீனைப் போட்டுக் காய்ச்சுவது. மிளகாய்த்தூள் இல்லை, புளி இல்லை. சொல்லும்போது சப்பென்று இருக்கும். ஆனால் அது கொதிக்கும்போது வேலிக்கு அந்தப்பக்கம் போகிறவனும் நின்று மூச்சு எடுப்பான். அந்த மணத்துக்குள் விறாந்தையில் இருந்து அத்தான் புடலங்காய் தின்றார்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானம் எண்ணெய்க் கான் எடுக்க வீட்டுக்கு வந்தவன் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அத்தான் நிலத்தில் இருக்கிறார். மடிக்குள் கறிச்சட்டி. விரல்கள் மடங்காததால் உள்ளங்கையால் சோற்றை வழித்து வழித்து வாய்க்குள் தள்ளுகிறார். என்னைக் கண்டதும் சட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“மச்சான், சொல்லிப்போடாதை. சாகிறதெண்டாலும் இதைத் திண்டிட்டுச் சாகிறன்.”

உள்ளறையிலிருந்து அக்கா சிரித்தா. “ஒளிக்கிறியளோ? நாலு நாளா நான்தான் அம்மாட்டை எனக்கு ரெட்டைப் பசியெண்டு சொல்லி ரெண்டு பங்கு அரைப்பிச்சனான்.”

கிணற்றடியிலிருந்து வந்த அம்மா வாசலில் நின்றா. “எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனியள்? பிள்ளை பெத்தவளுக்கு ஆகிற சாப்பாடு பெறாதவனை என்ன செய்யும்? திண்ணட்டும்.”

நாலு நாளும் அவருக்கு மூட்டு நோவு கூடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. நான் கதவில் தொங்கிய தாளைப் பார்த்தேன். உள்ளி இருந்தது. விளைமீனும் இருந்தது. இரண்டும் என் கையெழுத்து. ஒரு மனிதர் சொந்த வீட்டுக் குசினியில் கள்ளனைப் போலச் சட்டியை அணைத்துக்கொண்டிருந்ததற்கு அந்தக் கையெழுத்துத்தான் காரணம் என்று எனக்குச் சுட்டது.

அடுத்த நாள் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தனியே இறுப்பிட்டிக்குப் போனேன். பரியாரியார் வீட்டுப் படலைக்கு வெளியே கனநேரம் நின்றேன். நாய் குரைத்தே களைத்துப் படுத்துவிட்டது. கடைசியில் அவரே வந்து கூப்பிட்டார். சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தவர், தாளைப் புறங்கையால் தள்ளி விரித்து மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு பக்கவாட்டில் திருப்பி ஓரங்களையும் வாசித்தார்.

“ஆர் எழுதினது?”

“நான்தான் ஐயா.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்.”

அவர் சிரித்த சிரிப்பில் நாய் மறுபடி எழும்பிற்று. “நான் சொன்னது மேலை கிடக்கிற ரெண்டும். அதுவும் நாப்பத்தொரு நாளைக்கு. அது முடிஞ்சு எவ்வளவு காலம்? இவ்வளவையும் விலக்கினா வாதம் போகாது காணும், ஆள்தான் போவார். டொக்டரின்ரை குளிசை எங்கை?”

“விட்டிட்டார் ஐயா. வயிறு எரியுதாம்.”

“வெறும்வயித்திலை போட்டா எரியாமல் குளிருமே? திரும்ப டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போம். மீன், கீரை, பயறு, பழம் எல்லாம் சாப்பிடச் சொல்லும். ஒண்டைத் திண்டு உண்மையா நோக் கூடினா, அதை மட்டும் விடட்டும். அவற்ரை உடம்பு சொல்லட்டும். வள்ளத்திலை வாற சனம் சொல்லத் தேவையில்லை.”

நாற்பத்தொரு நாள் என்று அவர் முதலில் சொன்னதை வீட்டில் யாரும் எண்ணவே இல்லை. விலக்குகளைக் கூட்டுவதில் இருந்த கவனம் நாட்களைக் கூட்டுவதில் இருக்கவில்லை. இதைச் சொன்னபோது அத்தான் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலைக் கேட்டார். விரல்களால் பிடிக்க முடியாமல் முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு, தின்று முடித்த சாமானின் மேல் ஒரு கோடு இழுத்தார். முதல் வெட்டு விழுந்தது விளைமீனுக்கு. அது கோடா, புழு ஊர்ந்த தடமா என்று சொல்ல முடியாது. தின்னாமல் வெட்டுவது கள்ளக் கையெழுத்து என்று சொல்லி, ஒவ்வொன்றையும் தின்ற பிறகே வெட்டினார். குளிசையை விட்டதற்கு டொக்டர் நன்றாக ஏசிவிட்டு, வேறு குளிசை கொடுத்தார். சாப்பாடு, அதன் மேல் குளிசை, பிறகு சுடுதண்ணீரில் கை. கோடுகள் மெல்ல மெல்ல நேராகி வந்தன. பயறு, முட்டை, பூசணிக்காய், கணவாய். கருவாட்டைத் தின்ற மறுநாள் மட்டும் மூட்டுகள் வீங்கின. அதற்குப் பக்கத்தில் தானே பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டார்.

மத்தியானச் சாப்பாட்டை அக்கா தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுவா. அதே சரக்குக் கறி. மூடியைத் திறந்ததும் இறங்குதுறை முழுவதும் மணக்கும். அது பிள்ளை பெற்ற வீட்டுக் கறி என்று தெரியாத ஆள் அங்கே இல்லை.

“என்ன அண்ணை, பிள்ளை பெத்தது நீங்களோ மனிசியோ?”

“பெத்தது அவ. நோ எனக்கு.”

“அப்ப துடக்கு எப்ப கழியுது?”

“முப்பத்தொண்டுக்கு வாரும். சோறு போடுறன்.”

நானாக இருந்தால் கடலில் குதித்திருப்பேன். அத்தான் வாய்க்குள் சோற்றோடு சிரித்தார். அன்று வள்ளம் திரும்பும்போது மூக்கை உயர்த்தி, “மேற்காலை ஆரோ திரளி மீன் பொரிக்கினம்” என்றார். நான் எஞ்சினோடு குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை யாரும் பார்க்கக் கூடாது.

முப்பத்தோராம் நாள் வந்தது. துடக்குக் கழிய வீடு கழுவி, பிள்ளைக்குப் பெயர் வைத்து, வந்தவர்களுக்குச் சோறும் நண்டுக் குழம்பும். முதலாளியும் வந்திருந்தார். அவரை அத்தானுக்குப் பக்கத்தில் இருத்தினோம். தாளில் வெட்டாமல் கிடந்த ஒரே சொல் நண்டுதான். அதற்கு முன்பு ஒருநாள் அக்கா நண்டுக் காலை உடைத்துக் கொடுத்தபோது, “உடைச்சுத் தாற நண்டு எனக்கு வேண்டாம்” என்று தள்ளிவிட்டவர் அவர். இப்போது கோப்பையில் பெரிய முன்கால் ஒன்று கிடந்தது. முதலாளி தன் சோற்றைக் குழைத்துக்கொண்டே அத்தானின் கையைத்தான் பார்க்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அத்தான் முன்காலை எடுத்தார். பல்லில் வைக்கவில்லை. இரண்டு கைப் பெருவிரலும் ஓட்டின் மேல் அமர்ந்தன. முதல் அழுத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அக்கா பிள்ளையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. இரண்டாம் முறை டக் என்று ஒரு சத்தம். வெள்ளைச் சதை முழுசாக வெளியே வந்தது.

முதலாளி தன் கோப்பையிலிருந்த நண்டுக் காலை எடுத்து அத்தானின் கோப்பையில் வைத்தார். “என்ரையையும் உடைச்சுத் தாரும். எனக்கு ஏலாது.” அதை உடைத்துக் கொடுத்த பிறகு கேட்டார்: “திருவிழாவுக்கு முதல் நடை எத்தினை மணிக்கு எடுக்கிறீர்?”

விறாந்தை முழுவதும் சிரிப்பு. பிள்ளை திடுக்கிட்டு அழுதது. அத்தான் கை கழுவப் பொறுக்காமல், “மச்சான், தாளைக் கொண்டா!” என்று கத்தினார். குழம்புக் கையோடே பென்சிலைப் பிடித்து இழுத்தார். கறை அப்படி வந்தது.

அந்தத் திருவிழா முழுவதும் அவர்தான் சுக்கான் பிடித்தார். தடியில் பழைய சாரத் துணியைத் தடிப்பாகச் சுற்றிக் கொடுத்தேன். வருத்தம் போய்விடவில்லை, மாரி மழைக்குத் திரும்பி வரும், சில நாள் நான் பாதித் தூரம் பிடிப்பேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் பட்டினி கிடந்ததில்லை. தொண்ணூறில் சண்டை வந்து தீவை விட்டு வெளிக்கிட்டபோது, அக்கா பிள்ளையின் சட்டைகளோடு இந்தத் தாளையும் பெட்டிக்குள் வைத்திருந்தா.

அந்தப் பிள்ளைக்குப் போன மாதம் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. சரக்கை இப்போது மிக்சியில் அரைக்கிறார்கள், மணம் மாறவில்லை. முப்பத்தொன்றுக்கு நாங்கள் எல்லோரும் கூடினோம். அத்தான் அறுபதைத் தாண்டிவிட்டார். விரல்கள் பக்கத்துக்குச் சாய்ந்து மடங்கி நின்றுவிட்டன. “இவ்வளவு காலமும் நண்டைத் திண்டு திண்டு விரலும் நண்டாப் போச்சு” என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டுகிறார். பந்தியில் என் பக்கத்தில் இருந்தார். தன் கோப்பையிலிருந்த முன்காலைப் புறங்கையால் தள்ளித் தள்ளி என் கோப்பைக்குள் விட்டார்.

“உடைச்சுத் தா மச்சான்.”

அன்றைக்கு உடைத்துத் தருகிற நண்டு வேண்டாம் என்றது நினைவில்லையா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் பந்தியில் வாய் திறந்து பகிடி விட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“அது வெட்டியாச்சு மச்சான்” என்றார், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. “கோடு என்ரை. இனி ஆர் உடைச்சால் என்ன?”