கியர் லீவரும் என் வாயும்

"…எழுதினத்துக்குக் கூட எனக்கு அவ்வளவு கோவமில்ல காக்கா. எனக்காகக் கதைக்கப் போனீங்க பாருங்க, அதத்தான் தாங்க ஏலாம இரிக்கி."

வியாழக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரம். கல்முனையில் போன், போட்டோகொப்பி, நெட் என்று எல்லாம் வைத்திருக்கிற என் கொமியூனிகேஷன் கடையின் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று, அண்ணன் முறைக்குக் 'காக்கா' என்று அழைத்து இப்படிச் சொன்னவர் ரிஸ்வான். பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றி என்ன பிரயோசனம்? மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இரண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. அதை ஓட்டுகிறவர் அவர்தான்.

  வாரா வாரம் இந்தப் பேப்பரில் உங்களோடு இத்தனை கதை கதைக்கிறேனே, அந்த வாய் செய்த வேலைதான் இது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

ரிஸ்வான் சுனாமிக்குப் பிறகு கத்தாருக்குப் போனவர். சண்டை முடிந்து, ரோட்டில் சென்றிகள், சோதனைச் சாவடிகள் எல்லாம் எடுபட்ட பிறகு ஊருக்கு வந்தவர். வந்ததும் என்ன செய்தார்? கொழும்புக்குப் போய்ப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். அதுவும் மெனுவல் கியர்.

சண்டைக் காலத்தில் இந்த ரோட்டில் நாம் எப்படிப் போனோம் என்று உங்களுக்குத் தெரியும். இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, நட, திரும்ப ஏறு. ஒரு வாகனம் மூன்றாம் கியரைக் கண்டாலே பெரிய விஷயம். இப்போது காபெட் ரோட். போன மாதம் போட்டோகொப்பி எடுக்க வந்த ஒரு தாய் சொன்னார் — "இந்த ரோட்ல பஸ்ஸுல வந்தா, மடியில தூங்குற புள்ளய வீட்டுல போய்த்தான் எழுப்பணும்." இப்படிப் பேச்சுகளைப் பொறுக்கத்தானே நான் கடையே வைத்திருக்கிறேன்.

அந்தக் கடைக்குத்தான் ரிஸ்வானும் வருவார். மூலையில் இருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நெட்டில் தேடுவார். எதை? கியர் லீவரை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. காரோடு வந்த லீவர் நன்றாகத்தானே இருக்கிறது? அவர்தான் விளங்கப்படுத்தினார். லீவரின் அடியில் ஒரு குண்டு இருக்கிறது. அதில் ஊன்றித்தான் லீவர் ஆடும். அந்தக் குண்டை மேலே தூக்கி வைத்தால், மேலே நம் கை போகிற தூரம் குறையும். மணிக்கட்டை ஆட்டினாலே கியர் விழும். ஷோர்ட் ஷிஃப்டர் என்று பெயர்.

தூரம் குறைந்தால் பாரம் கூடும். அதுதான் சிக்கல். கியர் போடும்போது இறுக்கமாக, கடக்கென்று விழும். சிலர் லேத்தில் கொடுத்து லீவரின் தலையைச் சும்மா வெட்டிவிடுவார்களாம். அது மலிவு. ஆனால் கைப்பிடி பள்ளத்துக்குள் போய்விடும். இன்னொன்று, குண்டையும் உயர்த்திக் கைப்பிடியையும் உயரத்திலேயே வைத்திருக்கும். இருப்பதில் அதுதான் இறுக்கம் கூடியது. எது நல்லது? இதற்காக அந்த மனிதர் வாரக்கணக்காக என் கடையில் உட்கார்ந்திருந்தார். நம்மட நெட்டும் சும்மாவா… ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கி முடிவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம். அவர் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுதுகிற கை சும்மா இருக்குமா?

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் எழுதினேன், படித்திருப்பீர்கள். 'உலகத்தில் எல்லாரும் எதையாவது நீட்டப் பார்க்கிறார்கள், நம்மட தம்பி ஒருவர் ஒரு சாண் குச்சியைக் குறைக்க நெட்டையே குடைகிறார்' என்று தொடங்கி… 'ரேஸ் ஓட வந்தவருக்கு மாட்டு வண்டி மறிக்காமல் இருந்தால் சரி' என்று இழுத்து… கடைசியில் ஒரு வரி. 'பெண் பார்க்கக்கூட இந்தத் தம்பி இவ்வளவு நேரம் எடுக்க மாட்டார்.'

அந்த வரியை எழுதிவிட்டு நானே சிரித்தேன். சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் போன் எடுத்து, சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது என்றார். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

நாலு நாள் போகவில்லை. ரிஸ்வானின் ராத்தா, கூடப் பிறந்த அக்கா, கடைக்கு வந்தார். பிள்ளையின் ஸ்கூல் சேர்ட்டிஃபிகேட்டைப் போட்டோகொப்பி எடுத்தார். எடுத்து முடித்த பிறகும் போகவில்லை. கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"தம்பிக்கு இடது தோள் ஏலா காக்கா. கடல் வந்த அண்டைக்கு, அடிச்சிட்டு வந்த தோணி ஒண்டு அவனச் செவரோட வெச்சி நெரிச்சிட்டு. எலும்பு பிழையாப் பொருந்திட்டு. ஃபர்ஸ்ட் கியரு போடக் கை எட்டாம உடம்பையே சரிச்சிப் போடுறான், நீங்க பாத்ததில்லயா?"

பார்த்திருக்கிறேன். அவர் காரை எடுக்கும்போது இடப் பக்கம் சரிவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஸ்டைல் என்று நினைத்தேன். அதையும் எழுதலாம் என்று ஒரு யோசனைகூட இருந்தது.

நம் நாட்டில் ட்ரைவர் வலப் பக்கம். கியர் இடது கைக்கு. முதலாம் கியரோ இருப்பதிலேயே தூரத்தில், இடப் பக்கத்து மூலையில். ஒரு சாண் குச்சி என்று நான் சிரித்தேனே… அந்த ஒரு சாண்தான் அவருக்கு எட்டாத தூரம்.

ராத்தா போகும்போது, "இத எழுதிராதீங்க காக்கா. அவனுக்குக் கலியாணம் ஒண்டு பேசிட்டிரிக்கம்" என்றார்.

சத்தியமாக எழுதவில்லை. ஆனால் வாய் இருக்கிறதே…

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதியில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடி வருவார். வீடு பெண்ணுக்கு. அந்த வீட்டுக்குள் ஒரு புது மனிதரை எடுக்கிறார்கள் என்றால் சும்மா எடுப்பார்களா? பெண் பக்கத்து விசாரிப்பு லேசில் முடியாது. பள்ளிவாசலில் கேட்பார்கள், சலூனில் கேட்பார்கள், கொமியூனிகேஷன் கடையில் கட்டாயம் கேட்பார்கள் — யார் யாருக்குக் கோல் எடுக்கிறார் என்று தெரிந்த ஆள் அல்லவா நான்?

அந்த விசாரிப்புக்குப் பதில் சொல்ல ஒரு முறை இருக்கிறது. "நல்ல பிள்ளை." அவ்வளவுதான். அதோடு வாயை மூட வேண்டும். அதற்கு மேல் நல்லதாக ஒன்று சொன்னாலும் கேட்கிறவர் காதில் அது குறையாகத்தான் விழும். 'இப்போது சிகரெட் குடிப்பதில்லை' என்று சொல்லிப் பாருங்கள், விளங்கும். இருபது வருஷமாக இந்த ஊரில் நூறு மாப்பிள்ளைக்காவது "நல்ல பிள்ளை" சொல்லியிருப்பேன். ஒன்றும் பிழையாகப் போனதே இல்லை.

ரிஸ்வானுக்குப் பேசிய பெண்ணின் தாய்மாமன் நிந்தவூரில் நெல் வியாபாரம் செய்கிறவர். போனுக்கு ரீலோட் போட என்று வந்தார். மழை பற்றிக் கதைத்தார், நெல் விலை பற்றிக் கதைத்தார். கடைசியில் மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"அந்தச் செவப்புக் கார்ப் பொடியன் எப்பிடித் தம்பி? ரேஸுக்காரன் எண்டு ஒங்கட பேப்பர்லதான் பாத்தன். பொண்ணு பாக்கிறதப் பத்தியும் என்னமோ எழுதியிருந்தீங்க. தங்கச்சி அதப் படிச்சிட்டு அழுதுட்டா."

 அந்தப் பெண்ணின் தாயை அழ வைத்த வரியைத்தான் நான் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? "நல்ல பிள்ளை" என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா?

இல்லை. எப்படியாவது கழுவ வேண்டும் என்று பாய்ந்தேன். அவர் ரேஸுக்காரர் இல்லை, நான்தான் தெரியாமல் எழுதிவிட்டேன், அந்த லீவரை ஷோக்குக்கு மாற்றவில்லை, பாவம், சுனாமியில் அடிபட்டுக் கை ஏலாது, அதனால்தான் என்று சொன்னேன். அதோடு விட்டேனா? கை எவ்வளவு தூரம் நீளும் என்று என் கையை நீட்டியும் காட்டினேன். மனசு லேசாகிவிட்டது. ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாமன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பினார். ரீலோட் போட வந்தவர் போடாமலே போய்விட்டார்.

மறுநாள் ரிஸ்வான் வீட்டுக்குச் சொல் போயிருக்கிறது: பிள்ளைக்குப் படிப்பு முடியட்டும், பிறகு பார்ப்போம். அந்தப் பிள்ளை படித்து முடித்து வருஷம் ஒன்றாகிறது என்று ஊருக்கே தெரியும். அவளுக்குக் கட்டுகிற வீட்டுக்கு வாசல் நிலைகூட வைத்துவிட்டார்களாம்.

இதற்குப் பிறகுதான் அந்த வியாழக்கிழமை. ரிஸ்வான் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்க எழுதின அண்டைக்கு ஊர் சிரிச்சிச்சி. நானும்தான் சிரிச்சன். ஷோக்குக்காரன் எண்டு சொன்னா, சொல்லிட்டுப் போகட்டும். நான் ஷோக்குக்காரன்தான்" என்றார். "கைக்காக மட்டும் எண்டா ஓட்டோ கியர் கார் வாங்கியிருப்பன் காக்கா. அதுல குச்சியே தேவல்ல. எனக்கு இந்தக் கார ஓட்டத்தான் ஆச. கை ஏலாதவனுக்கு ஆசையும் ஏலாமப் போகணுமா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. முதலில் அவருடைய ஆசையை மட்டும் பார்த்துச் சிரித்தேன். பிறகு கையை மட்டும் பார்த்துப் பாவம் என்றேன். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பது எனக்கு ஓடவில்லை. கேலி செய்தபோதாவது அவருக்குத் திருப்பிச் சிரிக்க வழி இருந்தது. நான் பாவம் என்று சொன்ன பிறகு அந்த வழியும் இல்லை.

அந்த இரண்டு லீவரில் எதை எடுக்கப் போகிறார் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்தான் கேட்டேன். குண்டையும் உயர்த்திக் கைப்பிடியையும் உயரத்தில் வைத்திருக்கிற அந்த இறுக்கமானதுதான் என்றார். கத்தாரில் தன்னோடு வேலை செய்தவர் லீவில் வரும்போது கொண்டு வருகிறாராம். அது பாரம் அல்லவா என்றேன்.

"பாரத்தத் தாங்குவன். எட்டத்தான் ஏலா."

தலை குனிந்துகொண்டேன். மாமனிடம் நான் வேண்டுமானால் ஒரு தடவை போய்… என்று இழுத்தேன். அப்படியும் இந்த வாய் அடங்கவில்லை, பாருங்கள்.

"நீங்க இனி எனக்காக ஒரு இடத்துக்கும் போகவாணாம் காக்கா."

சரி, இதைப் பற்றி இனி ஒரு வரி எழுத மாட்டேன் என்றேன். அதற்கும் தலையாட்டினார், இல்லை என்று. எழுதத்தான் வேண்டுமாம். "பொண்ணுட மாமாக்கிட்ட நான்தான் எல்லாத்தயும் சொல்லப் போறனே, புறகு மறைக்க என்ன இரிக்கி? ஆனா எழுதுறண்டா ஆசையையும் எழுதுங்க, கையையும் எழுதுங்க. ஒண்ட விட்டுட்டு ஒண்ட எழுதவாணாம்."

எழுதிவிட்டேன். கலியாணம் என்ன ஆனது என்று தயவுசெய்து போன் எடுத்துக் கேட்காதீர்கள். அது அந்த இரண்டு வீட்டாரும் சொல்ல வேண்டிய செய்தி. எனக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். தெரியாவிட்டாலும், தெரிந்த மாதிரி இருமிக் காட்ட மாட்டேன். வெட்கம் ஒரு மனிதனுக்கு இவ்வளவாவது கற்றுக்கொடுக்க வேண்டாமா?

அன்றைக்கு அவர் அதோடு போய்விடவில்லை. டெலிபோன் பூத் இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டார். எல்லார் கையிலும் மொபைல் வந்த பிறகு அந்தக் கண்ணாடிப் பூத்துக்குள் நான் பேப்பர்க் கட்டுதான் அடுக்கி வைத்திருக்கிறேன். லைன் இருக்கிறது என்றேன். அவருடைய நம்பரைப் பார்த்தால் மாமன் எடுக்கிறார் இல்லையாம். கடை நம்பர் என்றால் எடுப்பார்.

பேப்பர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக வலது கையால் தூக்கி வெளியே வைத்தார். உதவிக்குப் போகக் கால் எழும்பியது. போகவில்லை. உள்ளே உட்கார்ந்து நம்பரை அழுத்தினார்.

பழக்க தோஷம்… என் கை தானாகப் போய் ரேடியோவைக் குறைத்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. ரிஸ்வான் கதைக்கிறன்… ஓம் மாமா, நான்தான். கை ஏலாத பொடியன்தான்."

இவ்வளவுதான் எனக்குக் கேட்டது. கண்ணாடிக்கு ஊடாக என்னையும் பார்த்தார், ரேடியோவையும் பார்த்தார். பூத்தின் கதவை இழுத்துச் சாத்தினார். அந்தக் கதவுக்கு லொக் இல்லை, விட்டால் திறந்துகொள்ளும். இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதைத்து முடியும் வரைக்கும் விடவே இல்லை.